படத்தைச் சுருக்கினால் எது போகும், விரித்தால் எது திரும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்வு விண்ணப்பத்துக்கு போட்டோவை 50 கேபிக்குள் கொண்டுவருவது எப்படி என்பதில் தொடங்கி, வாட்ஸ்அப்பில் வந்த பழைய படத்தைத் தெளிவாக்க முடியுமா என்பது வரை, சுற்றிச் சுற்றி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே இருக்கின்றன. பெரும்பாலும் ஜேபெக் (.jpg என்று முடியும் கோப்பு வகை) பற்றித்தான் பேசியிருக்கிறேன், ஏனென்றால் உங்கள் கையில் இருக்கும் போட்டோ பத்தில் ஒன்பது முறை அதுவாகத்தான் இருக்கும்.

போனில் எடுத்த போட்டோ 4 எம்பி காட்டுகிறது. அதுதானே அதன் முழு அளவு?

இல்லை. 12 மெகாபிக்சல் கேமரா என்றால் படம் 4000க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் (பிக்சல்கள்). ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை, எண்ணுக்கு ஒரு பைட். பெருக்கிப் பாருங்கள், 36 எம்பி வரும். அதை உங்கள் போன், ஷட்டர் சத்தம் அடங்குவதற்குள் 4 எம்பி ஆக்கிவிட்டது. ஆக, நாம் ‘ஒரிஜினல்’ என்று சொல்வதே ஏற்கெனவே ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கியதுதான். ரா என்ற வகையில் எடுத்தால் மட்டும்தான் கேமரா பார்த்ததற்கு நெருக்கமான ஒன்று கிடைக்கும்.

சுருக்கினாலே தரம் போய்விடுமா?

சுருக்கத்தில் இரண்டு சாதி. ஒன்று இழப்பில்லாதது: விரித்தால் ஒரு பிட் மாறாமல் அப்படியே திரும்பும். பிஎன்ஜி அந்த வகை. ஜிஃப்பும் அப்படித்தான், ஆனால் அதில் ஒரு படத்துக்கு 256 நிறங்கள்தான், அதனால் போட்டோவை அதில் போட்டால் உள்ளே நுழையும்போதே நிறங்கள் அடிபட்டுவிடும். (பிஎன்ஜி பிறந்ததே ஒரு சண்டையில். ஜிஃப் பயன்படுத்தும் சுருக்க முறைக்கான காப்புரிமையை வைத்திருந்த யூனிசிஸ் நிறுவனம் 1994 கடைசியில் உரிமத் தொகை கேட்கக் கிளம்பியதும், இணையத்தில் இருந்தவர்கள் கூடி யாருக்கும் காசு கொடுக்க வேண்டாத ஒரு வகையை எழுதினார்கள். 1996இல் வெளிவந்தது.) இன்னொன்று இழப்புள்ளது: கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது என்று கணக்குப் போட்டு, சிலவற்றை வேண்டுமென்றே தூக்கி எறிந்துவிடும். ஜேபெக் இந்த வகை. எறிந்தது எங்கேயும் ஒளித்து வைக்கப்படவில்லை, கோப்பில் அது இல்லவே இல்லை. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் கீழே இருக்கும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

சரி, ஜேபெக் எதை எறிகிறது? எப்படி முடிவெடுக்கிறது?

முதலில் நிறத்தில் கை வைக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றையும் வெளிச்சம் ஒன்று, நிற வேறுபாடு இரண்டு என்று மாற்றி எழுதிக்கொள்ளும். நம் கண் வெளிச்ச மாற்றத்தை நுணுக்கமாகப் பிடிக்கும், நிற மாற்றத்தில் கொஞ்சம் மந்தம். அதனால் வெளிச்சத்தை எல்லாப் புள்ளிகளுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒரு தடவை மட்டும் வைக்கும். நான்கு புள்ளிகளுக்கு 12 எண்கள் இருந்த இடத்தில் இப்போது 6. வேலையே இன்னும் தொடங்கவில்லை, அதற்குள் பாதி போயாச்சு, நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள்.

அப்புறம் படத்தை 8க்கு 8 கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 எண்களை, கொசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக மாற்றி எழுதும். கேட்கப் பயமாக இருக்கும், எண்களை வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. எளிமைக்காக ஒரே ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வோம், நிஜத்தில் இதையே குறுக்கும் நெடுக்குமாகச் செய்யும். கன்னத்தில் வெளிச்சம் மெல்லக் கூடும் இடத்தில் எட்டுப் புள்ளிகள் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்:

100, 102, 106, 112, 118, 124, 128, 130

ஒவ்வொன்றிலும் 128ஐக் கழித்துவிட்டு கொசைன் உருமாற்றம் செய்தால் வருவது:

-36.8, -31.1, 0, 0.6, 0, 0.2, 0, -0.2

முதல் எண் மொத்தத்தில் எவ்வளவு வெளிச்சம் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது இடமிருந்து வலமாக மெல்ல ஏறுவதை. மற்றவை கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எட்டு எண்களில் பரவியிருந்த விஷயம் இரண்டு எண்களில் வந்து குவிந்துவிட்டது. இதுவரை எதையும் இழக்கவில்லை, இதைத் திருப்பிப் போட்டால் பழைய எட்டும் வந்துவிடும்.

இழப்பு அடுத்த படியில் நடக்கிறது. ஜேபெக் தரநிலையில் மாதிரியாகக் கொடுத்திருக்கும் அட்டவணையின் முதல் வரிசை 16, 11, 10, 16, 24, 40, 51, 61. ஒவ்வொரு எண்ணையும் அதற்கு நேரான எண்ணால் வகுத்து, பக்கத்து முழு எண்ணாக்கிவிடும். -36.8ஐ 16ஆல் வகுத்தால் -2.3, அது -2 ஆகிறது. -31.1ஐ 11ஆல் வகுத்தால் -2.83, அது -3 ஆகிறது. மற்ற எல்லாம் 0. எட்டு எண்களுக்குப் பதில் ‘-2, -3, மற்றதெல்லாம் சுழியம்’ என்று எழுதினால் போதும். வலது பக்கம் போகப் போக அட்டவணையில் எண்கள் பெரிதாவதைக் கவனியுங்கள். நுணுக்கமான நெளிவுசுளிவுகளைக் குறிக்கும் எண்கள் அங்கேதான் இருக்கின்றன, அவற்றைத்தான் அதிகமாக வகுத்துச் சுழியமாக்குகிறது.

கடைசியில் 64 எண்களையும் மூலையிலிருந்து மூலைக்கு வளைந்து வளைந்து படித்து, நீளமான சுழிய வரிசைகளை ஒரே குறியால் எழுதி, அடிக்கடி வருவதற்குக் குட்டிக் குறியும் அரிதாக வருவதற்கு நீளக் குறியும் கொடுத்துக் கோப்பாக்கும். இந்தக் குறி முறை டேவிட் ஹஃப்மன் அமெரிக்காவின் எம்ஐடியில் மாணவராக இருந்தபோது ஒரு பாடத்துக்கான கட்டுரைக்காகக் கண்டுபிடித்தது, 1952இல் அச்சில் வந்தது. தேர்வு எழுதுவதிலிருந்து தப்பிக்க எழுதிய கட்டுரை அது என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை.

திரும்பப் படமாக்கும்போது என்ன ஆகிறது?

அத்தனையும் பின்னாலிருந்து முன்னால். ஹஃப்மன் குறிகளைப் பிரித்தால் -2, -3 அப்படியே கிடைக்கும், அதில் பிசகே இல்லை. அட்டவணையும் கோப்பிலேயே இருக்கிறது, அதனால் பெருக்கலாம்: -32, -33. கவனித்தீர்களா, முன்பு -36.8 இருந்த இடத்தில் இப்போது -32. அந்த வித்தியாசத்தைத் திரும்பப் பெற வழியே கிடையாது, ஏனென்றால் 16ஆல் வகுத்து -2 ஆகக்கூடிய எந்த எண்ணாகவும் அது இருந்திருக்கலாம். தலைகீழ் உருமாற்றம் செய்து 128ஐக் கூட்டினால்:

101, 103, 108, 113, 120, 126, 130, 133

பழையதோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு புள்ளியிலும் 1 முதல் 3 வரை வித்தியாசம். 256 படிகள் கொண்ட அளவுகோலில் மூன்று படி என்பது கன்னத்தில் தெரியாது. ஜேபெக் சூட்சுமம் முழுக்க இந்த ஓர் எடுத்துக்காட்டில் அடங்கிவிட்டது என்றே சொல்வேன். நிறத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு, நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாக வைத்திருந்ததை மறுபடி நான்குக்கும் பரப்ப வேண்டும். சிவப்புச் சேலைக்கும் பச்சைக் கரைக்கும் நடுவே நிறம் லேசாகக் கசிந்த மாதிரி தெரிந்தால் காரணம் அதுதான்.

இந்தக் கொசைன் உருமாற்றம் யாருடைய யோசனை?

நசீர் அகமது. பெங்களூரில் பிறந்தவர், அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். 1972இல் இதை ஆராய அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்: பரிசீலித்தவர்களில் ஒருவருக்கு யோசனை ரொம்ப எளிமையாகத் தெரிந்ததாம். அவர் விடவில்லை. ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். மூன்று பக்கச் சொச்சம்தான் இருக்கும். 1986இல் கூடிய ஜேபெக் குழு 1992இல் தரநிலையை முடித்தபோது அதன் நடுநாயகமாக உட்கார்ந்தது அந்த உருமாற்றம்தான். எம்பெக் வீடியோவிலும் அதுவே. மூன்று பேருமே இந்தியப் பெயர்கள், நம் பாடப்புத்தகங்களில் இவர்களைப் பற்றி இன்னும் நாலு வரி இருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

போட்டோ நன்றாக இருக்கிறது, ஆனால் ஸ்கிரீன்ஷாட்டில் எழுத்தைச் சுற்றி அழுக்கு மாதிரி வருகிறதே?

மேலே கன்னத்துக்குப் பார்த்த கணக்கை எழுத்துக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு தொடங்கும் இடத்தில் எட்டுப் புள்ளிகள்: நான்கு 255, அடுத்த நான்கு 0. உருமாற்றத்தில் வெளிச்ச மாற்றத்துக்கான எண்கள், நடுநடுவே வரும் சுழியங்களை விட்டுவிட்டால், 327, -115, 77, -65 என்று வருகின்றன. எதுவும் சின்னது இல்லை. கடைசி எண்வரை எல்லாமே சேர்ந்தால்தான் அந்தக் கூர்மையான விளிம்பு நிற்கும். கடைசிப் பக்கத்தை முரட்டுத்தனமாக வகுத்ததும் விளிம்பு ஆட ஆரம்பிக்கும், வெள்ளையில் சாம்பல் அலை தெரியும், அதுவும் 8க்கு 8 கட்டத்துக்குள்ளேயே தெரியும். ஆக ஸ்கிரீன்ஷாட், சான்றிதழ் ஸ்கேன், வரைபடம், லோகோ இதெல்லாம் பிஎன்ஜி. முகம், மரம், வானம் எல்லாம் ஜேபெக். நிறம் குறைவான ஸ்கிரீன்ஷாட்டில் பிஎன்ஜியே ஜேபெக்கைவிடச் சின்னதாக வருவதும் உண்டு.

குவாலிட்டி 80 என்றால் 80 சதவீதத் தரமா?

கிடையாது. அது அந்த அட்டவணையைப் பெருக்கும் குமிழ், அவ்வளவுதான். பல மென்பொருள்கள் பயன்படுத்தும் லிப்ஜேபெக் நூலகத்தில் 50 என்று வைத்தால் மாதிரி அட்டவணை அப்படியே. 75 வைத்தால் அட்டவணையின் எண்கள் பாதியாகும், 25 வைத்தால் இரட்டிப்பாகும், 100 வைத்தால் எல்லாமே 1. 100இலும் முழு எண்ணாக்கும் வேலை நடக்கிறது, அதனால் அதுவும் முழுக்க இழப்பில்லாதது அல்ல, கோப்பு மட்டும் ஊதிப்போகும். போட்டோஷாப்பில் 0 முதல் 12 என்று வேறு அளவுகோல். ஒரு மென்பொருளின் 80ஐ இன்னொன்றின் 80ஓடு ஒப்பிட்டுப் பயனில்லை. போட்டோவுக்கு 80, 85 பக்கம் வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

வங்கித் தேர்வுக்கு போட்டோ 20 முதல் 50 கேபிக்குள் கேட்கிறார்கள். சுருக்கினால் முகமே தெரியவில்லை. என்ன செய்வது?

இதுதான் அதிகம் பேர் சிக்கிக்கொள்ளும் இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பின் அறிவிப்புகளில் போட்டோவுக்கு 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி என்று போட்டிருக்கும். 200ஐயும் 230ஐயும் பெருக்கி மூன்றால் பெருக்கினால் 1,38,000 பைட், அதாவது சுருக்காமலே 135 கேபிதான். அதை 50க்குள் கொண்டுவருவது மூன்று மடங்குச் சுருக்கம், 20க்குக் கொண்டுவந்தாலும் ஏழு மடங்கைத் தாண்டாது. ஜேபெக்குக்கு இது ஒரு வேலையே இல்லை, முகத்தில் கீறல்கூட விழாது.

பிரச்சினை எங்கே என்றால், 4000க்கு 3000 படத்தை வெட்டாமல் கொள்ளாமல் ஏதாவது ஒரு ‘50 கேபி ஆக்கித் தருகிறோம்’ தளத்தில் போடுவதில். 36 எம்பியை 50 கேபி ஆக்குவது 700 மடங்குக்கு மேல். அந்தப் படத்தில் 8க்கு 8 கட்டங்கள் 1,87,500 இருக்கின்றன, 50 கேபியில் மொத்தம் 4,09,600 பிட் (கேபிக்கு 1024 பைட், பைட்டுக்கு 8 பிட்). கட்டத்துக்கு 2 பிட் சொச்சம்தான் தேறும், அதில் வெளிச்சமும் நிறமும் எல்லாம் அடங்க வேண்டும். நடக்கிற காரியமா? அதனால் அந்தத் தளங்கள் குவாலிட்டியை அடிமட்டத்துக்கு இறக்கி, போதாததற்குப் படத்தின் அளவையும் தங்கள் இஷ்டத்துக்குக் குறைக்கும். வெளியே வருவதில் முகம் படத்தின் ஒரு மூலையில் கட்டம் கட்டமாக இருக்கும்.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் முகமும் தோளும் வரும்படி வெட்டுங்கள், 200க்கு 230 விகிதத்திலேயே. பிறகு ரீசைஸ் போட்டு 200க்கு 230 ஆக்குங்கள். அதற்குப் பிறகுதான் குவாலிட்டி. பெரும்பாலும் 90இல் வைத்தாலே 50க்குள் வந்துவிடும். சில சமயம் எதிர்ப் பிரச்சினை வரும், வெள்ளைப் பின்னணி என்பதால் 12 கேபிதான் ஆகிறது, 20 இல்லை என்று தளம் திருப்பி அனுப்பும். குவாலிட்டியை 95, 100 என்று ஏற்றுங்கள், போதும்.

கையெழுத்துக்கு 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி என்பார்கள். கணக்குப் போட்டால் சுருக்காமலே 25 கேபிதான் வருகிறது, வெள்ளைத் தாளில் ஒரு கையெழுத்து என்பதால் ஜேபெக் ஆக்கினால் 3, 4 கேபிக்குப் போய்விடும், இதில் எங்கிருந்து 10 கேபி? இந்த விதியை எழுதியவர் ஒரு தடவை தானே செய்து பார்த்திருக்கலாம். குவாலிட்டி 100 வைத்துப் பாருங்கள், தாளின் சொரசொரப்பை வெள்ளையாக்கித் துடைக்காமல் விடுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் பிக்சல் அளவை அதே விகிதத்தில் இரட்டிப்பாக்குங்கள். அறிவிப்பில் அந்தப் பிக்சல் அளவு ‘விரும்பத்தக்கது’ என்றுதான் இருக்கும். எண்கள் தேர்வுக்குத் தேர்வு மாறும், அந்தந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிபிஐ என்று ஒன்று கேட்டால் பதற வேண்டாம், அது கோப்பின் தலைப்பில் எழுதி வைக்கும் ஒரு எண், அதை மாற்றினால் படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது.

வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை ஃப்ளெக்ஸ் போட்டால் ஏன் கேவலமாக வருகிறது?

வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது நீளப் பக்கத்தை 1600 பிக்சல் பக்கம் இறக்கி, மேலே இன்னொரு தடவை ஜேபெக் சுருக்கமும் போடும். பத்தடி அகல பேனர் என்றால் 120 அங்குலம், அங்குலத்துக்கு 13 புள்ளிதான் வருகிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பவருக்கு ஓகே, பந்தல் வாசலில் நிற்பவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். அதிலும் குரூப் போட்டோவிலிருந்து ஒரு தலையை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினால் கேட்கவே வேண்டாம். படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், ஒரு பைட் மாறாமல் வரும். 2023இல் வந்த எச்டி பொத்தான் சாதாரணத்தைவிட மேல், ஆனாலும் அது ஒரிஜினல் இல்லை.

ஒரே படத்தைத் திறந்து திறந்து சேமித்தால் கெட்டுப்போகுமா?

சும்மா திறந்து பார்த்து மூடினால் ஒன்றும் ஆகாது, சிலர் இதற்கே பயப்படுகிறார்கள். திருத்திச் சேமித்தால்தான் மறுபடி உருமாற்றம், வகுத்தல், முழு எண்ணாக்கல். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதே மென்பொருள், அதே குவாலிட்டி, படத்தை நகர்த்தவில்லை என்றால் இரண்டாம் தடவை சேதம் ரொம்பக் குறைவு, ஏனென்றால் எண்கள் ஏற்கெனவே 16இன் மடங்காகவும் 11இன் மடங்காகவும்தான் இருக்கின்றன. மேலே இருந்து மூன்று பிக்சல் வெட்டினீர்கள் என்றால் கட்டங்கள் எல்லாம் இடம் மாறிவிடும், பழைய கட்டங்களின் கோடு புதிய கட்டங்களின் நடுவே விழும், எல்லாம் புதிதாக எறியப்படும். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த ‘குட் மார்னிங்’ படங்கள் அந்த நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இதுவும், வழியில் ஆளாளுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும். வேலை நடக்கும்வரை பிஎன்ஜி ஆகவோ மென்பொருளின் சொந்தக் கோப்பாகவோ வைத்திருங்கள், கடைசியில் ஒரே ஒரு தடவை ஜேபெக். 90 டிகிரி திருப்புவதற்கு மட்டும் ஜேபெக்டிரான் என்ற கருவி இருக்கிறது, பிக்சலுக்கு இறங்காமல் எண்களையே இடம் மாற்றிவிடும், இழப்பே இல்லை.

ஜேபெக் படங்களை ஜிப் செய்தால் இடம் மிச்சமாகுமா?

ஆகாது. திரும்பத் திரும்ப வருவதைத்தான் ஜிப் சுருக்கும், அந்த வேலையை ஹஃப்மன் முன்பே செய்துவிட்டார். நூறு படத்தை ஒரே கோப்பாக அனுப்ப வசதி, அவ்வளவே.

ஏஐ வைத்து மங்கலான படத்தைத் தெளிவாக்க முடியும் என்கிறார்களே, அது போனதைத் திருப்பிக் கொண்டுவருவது இல்லையா?

இல்லை, இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அது லட்சக்கணக்கான படங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் பொதுவாக என்ன இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. -2 என்ற எண்ணுக்குப் பின்னால் -36.8 இருந்ததா -30 இருந்ததா என்று அதற்கும் தெரியாது. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய பல்ஸ் என்ற கருவியில் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தார்கள். வெளியே வந்தது பளிச்சென்று ஒரு வெள்ளைக்கார முகம். சுருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அந்த வகையில் கருவி தன் கணக்கில் சரியாகத்தான் செய்திருக்கிறது, ஆள்தான் வேறு. தாத்தாவின் பழைய படத்தை மாலை போட்டு மாட்டுவதற்கு இதைப் பயன்படுத்துங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் சிசிடிவியில் எட்டுப் பிக்சல் உயரத்தில் தெரியும் வண்டி நம்பரை ‘தெளிவாக்கி’ அதை வைத்து ஒருவர் மேல் புகார் கொடுக்காதீர்கள்.

மங்கல் என்றால் இங்கே விவரம் இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெளிவாகத் தப்பாக வருவதுதான் ஆபத்து, அதற்கு ஏஐ தேவைகூட இல்லை. 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்த விவகாரத்தைப் பாருங்கள். மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேனில் மூன்றுமே 14.13. எழுத்து மங்கவில்லை, கலையவில்லை, அச்சடித்த மாதிரி நிற்கிறது, எண்தான் வேறு. வேறு தாள்களில் 6 இருந்த இடத்தில் 8. காரணம் ஜேபிக் 2 என்ற சுருக்க முறை: பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் சின்னத் துண்டுகளைக் கண்டுபிடித்து, ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டிவிடும். சின்ன எழுத்தில் 6ம் 8ம் ‘ஒரே மாதிரி’ என்று அது முடிவுகட்டிவிட்டது. இயந்திரங்கள் உலகமெங்கும் அலுவலகங்களில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தவை. நிறுவனம் பிறகு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது, ஆனால் அதற்குள் ஸ்கேன் செய்து மூலத்தைக் கிழித்துப் போட்ட தாள்களுக்கு என்ன செய்வது? பத்திரம், பில், மருந்துச் சீட்டு எதையாவது ஸ்கேன் செய்தால் இழப்பில்லாத வகையில் செய்யுங்கள், கோப்பு கொஞ்சம் பெரிதானால் ஆகட்டும்.

சுருக்கம் இல்லாவிட்டால் அப்படி என்ன குடி முழுகிவிடும்?

நாசாவின் கலிலியோ விண்கலத்தைக் கேளுங்கள். வியாழனுக்குப் போய்க்கொண்டிருந்த அதன் பெரிய ஆண்டெனா 1991 ஏப்ரலில் விரியாமல் சிக்கிக்கொண்டது. விநாடிக்கு 1,34,000 பிட் அனுப்ப வேண்டிய கலம், சின்ன ஆண்டெனாவை வைத்து, தரையில் அத்தனை மேம்பாடும் செய்த பிறகும் விநாடிக்கு அதிகபட்சம் 160 பிட்தான் அனுப்ப முடிந்தது. அதன் கேமரா எடுக்கும் 800க்கு 800 படம் ஒன்றை அப்படியே அனுப்பினால் கிட்டத்தட்ட 9 மணி நேரம். பறந்துகொண்டிருக்கும் கலத்துக்குப் புது மென்பொருளை ஏற்றினார்கள், அதில் கொசைன் உருமாற்றத்தின் முழு எண் வடிவம் ஒன்றும் இருந்தது, அதே 8க்கு 8 கட்டம்தான். 1995 டிசம்பரில் வியாழனை அடைந்த பிறகு, அதன் நிலவான யூரோப்பாவின் விரிசல் விழுந்த பனித்தரை நமக்கு வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

ஜேபெக் 2000, வெப்பி, எச்இஐசி, ஏவிஐஎஃப் இதெல்லாம் எதற்கு?

ஜேபெக் 2000 கட்டம் கட்டாமல் வேவ்லெட் என்ற வேறு உருமாற்றத்தைப் பயன்படுத்துகிறது. அதிகம் நெருக்கினால் கட்டம் தெரியாது, மழுங்கும். இணையத்தில் எடுபடவில்லை, ஆனால் தியேட்டரில் நீங்கள் பார்க்கும் டிஜிட்டல் சினிமாவின் ஒவ்வொரு பிரேமும் அதுதான், ஆதார் அட்டையின் க்யூஆர் குறியீட்டுக்குள் திணித்து வைத்திருக்கும் உங்கள் குட்டிப் படமும் அதுதான். வெப்பி கூகுள் 2010இல் கொண்டுவந்தது. எச்இஐசி 2017இல் ஐபோனுக்கு வந்தது, தளங்கள் ‘இந்தக் கோப்பு செல்லாது’ என்று துப்புவதற்குப் பாதிக் காரணம் அதுதான், ஐபோன் கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றினால் ஜேபெக்காகவே எடுக்கும். ஏவிஐஎஃப் 2019. எனக்குப் பிடித்தது ஜேபெக் எக்ஸ்எல்: இருக்கும் ஜேபெக் கோப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, வேண்டும்போது பழைய கோப்பை பிட்டுக்குப் பிட் அப்படியே திருப்பித் தரும். 2022 கடைசியில் குரோம் உலாவி அதைக் கழற்றிவிட்டது, 2023இல் ஆப்பிளின் சஃபாரி உலாவி சேர்த்துக்கொண்டது. அரசியல்!

படம் மேல் பாதி நன்றாக இருக்கிறது, கீழே சாம்பல் நிறம், அல்லது நடுவிலிருந்து நிறம் மாறிப் போகிறது. மீட்க முடியுமா?

இரண்டும் வேறு நோய். சாம்பல் என்றால் பெரும்பாலும் கோப்பின் மீதி வந்து சேரவில்லை, சாதாரண ஜேபெக் மேலிருந்து கீழாக எழுதப்படுவதால் வந்தவரை தெரிகிறது. மறுபடி பதிவிறக்குங்கள், அல்லது கார்டிலிருந்து மறுபடி நகலெடுங்கள். நடுவில் நிறம் மாறுகிறது என்றால் அந்த இடத்தில் சில பிட்டுகள் கெட்டிருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்ச எண்ணும் ‘முந்தைய கட்டத்தைவிட எவ்வளவு கூட, குறைய’ என்றுதான் எழுதப்படுகிறது, ஓரிடத்தில் தப்பினால் அந்தத் தப்பு பின்னால் வரும் எல்லாக் கட்டங்களிலும் கூடவே வரும். இந்த வகையில் கோப்பைக் கையால் திருத்தி ஓரளவு மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, பொறுமை வேண்டும்.

இரண்டும் பலிக்கவில்லை என்றால் கோப்பின் தொடக்கத்தில், கேமரா தன் விவரங்களை எழுதி வைக்கும் எக்ஸிஃப் பகுதியைப் பாருங்கள். கேமராக்கள் அங்கே 160க்கு 120 அளவில் ஒரு குட்டிப் படத்தையும் வைக்கும், பெரிய படம் செத்தாலும் அது உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. கார்டிலிருந்து தவறுதலாக அழித்த படம் என்றால் முதல் வேலை, அந்தக் கார்டில் இன்னொரு போட்டோகூட எடுக்காமல் வெளியே எடுத்துவிடுவது. அழித்ததும் பட்டியலில் பெயர்தான் போகிறது, பைட்டுகள் வேறு ஏதாவது மேலே எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். எல்லா ஜேபெக்கும் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டில் தொடங்கி எஃப்எஃப் டி9இல் முடியும். போட்டோரெக் என்ற இலவசக் கருவி கார்டு முழுவதையும் துழாவி, இந்தத் தொடக்கத்தைக் கண்ட இடத்திலிருந்தெல்லாம் படத்தை வெட்டி எடுக்கும். பழைய கோப்புப் பெயர்கள் வராது. மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள், கணினியில் வேறு போல்டரைக் காட்டுங்கள்.